கண் கிளினிக் அக்கா

என்னுடைய நாட்குறிப்புகளில் கண் நோய்களின் பெயர்கள் இருபத்திரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை எந்த வியாழக்கிழமை கேட்டேன், யாருக்கு வந்திருந்தது என்பதையும் குறித்திருக்கிறேன். அவற்றைச் சொன்னவரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. நான் கேட்கவில்லை. எல்லோரும் கிளினிக் அக்கா என்றார்கள். நானும் அப்படியே எழுதிவைத்தேன்.

அவர் டாக்டர் இல்லை, நேர்ஸும் இல்லை. எங்கள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் தொழிலாளி. அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். குள்ளமான உருவம், நரைக்காத முடி, இடது கையில் மட்டும் ஒரு வளையல். வியாழக்கிழமை காலைகளில் அங்கே கண் கிளினிக் நடக்கும். டாக்டர் அம்மா தெற்கே காலிப் பக்கத்துச் சிங்களவர், இளம் வயது, பொறுமையானவர். அவருக்குத் தமிழ் வராது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குச் சிங்களம் பேசுவார்கள். விழித்திரையைப் பற்றிப் பேச அது போதாது. நடுவில் இந்த அக்கா நின்றார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் சொன்னது டாக்டருக்கு விளங்கவில்லை. இவர் நிமிர்ந்து சிங்களத்தில் சொன்னார். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் மாறினார்கள், இவர் மாறவில்லை. பதினொரு வருடம் என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

நான் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். மாதத்தில் ஒரு வியாழன் எங்கள் ஆட்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அப்படி மூன்று வருடம் அவரைப் பார்த்தேன். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் மகளின் இடது கண்ணைப் பற்றியும் எழுத வேண்டும். அதனால் தள்ளிப்போட்டேன். ஏழு வருடம் போய்விட்டது.

பேசுவதற்கு முன் அவர் செய்கிற காரியங்கள் மாறவே மாறாது. தரை துடைக்கும் கட்டையை ஜன்னலோரம் சாய்ப்பார். இரண்டு கைகளையும் உடுப்பில் துடைப்பார். டாக்டரின் மேசைக்கும் நோயாளியின் ஸ்டூலுக்கும் நடுவே, யார் முகத்தையும் மறைக்காமல் ஒதுங்கி நிற்பார். டாக்டர் முழுவதும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். பிறகு அதைத் தமிழில் சொல்வார். "முடிஞ்சிருச்சு. டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்" என்று நிறுத்துவார். ஒரு மூச்சு விட்டு, "இனிமே நான் பேசுறது. காலையில சாப்டீங்களா? சொட்டு மருந்து ஊத்திவிட வீட்டுல யாரு இருக்கா?" என்பார். தன் பேச்சை டாக்டரின் பேச்சோடு அவர் கலந்ததே இல்லை.

அதைப் பற்றி நான் கேட்டதற்கு, "கூட்டிச் சொன்னா பயந்துருவாங்க கிளாக்கரையா. கொறச்சுச் சொன்னா மருந்த விட்டுருவாங்க. ரெண்டும் நம்ம தலையிலதான் விழும்" என்றார்.

நோயாளி சொல்வதையும் அப்படித்தான் கொண்டுபோனார். எங்கள் ஆட்கள் கண்ணில் என்ன வந்தாலும் "பூ விழுந்திருச்சு" என்பார்கள். அதை அவர் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

"பூன்னா எந்தப் பூ? கருவிழிக்கு மேல வெள்ளையா இருந்தா அது தழும்பு. உள்ளுக்கு இருக்கிற லென்ஸு மங்கிப்போனா அது புரை. மூக்குப் பக்கமிருந்து சதை ஏறிவந்தா அது வேற. பூவ கொண்டையில வைங்க. கண்ணுல என்ன தெரியுது, அத மட்டும் சொல்லுங்க."

அவர்கள் யோசித்துச் சொல்வார்கள். கண்ணு முன்னாடி கொசு பறக்குது. வெளக்கச் சுத்தி வளையமா தெரியுது. ஒரு பக்கம் திரைய இழுத்துவிட்ட மாதிரி இருக்கு. இவர் அந்தக் கொசுவையும் வளையத்தையும் திரையையும் அப்படியே சிங்களத்தில் வைப்பார். டாக்டர் உடனே நிமிர்ந்து உட்கார்வார். திரை என்று சொன்ன மனிதரை அன்றே அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பினார்கள், விழித்திரை கழன்றிருந்தது. பூ என்று சொல்லியிருந்தால் அடுத்த மாதம் வரச் சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலப் பெயர்களையும் அவர் அறிவார். சுவரில் கண்ணின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. அதைத் தூசி துடைக்கத் துடைக்க எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டாராம். தெரியாத சொல் வந்தால் கிளினிக் முடிந்ததும் டாக்டரிடம் கேட்பார். கேட்ட அன்றே எனக்கும் சொல்வார், நான் எழுதுவதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். "ஒழுங்கா எழுதுங்க. யாருக்காவது ஒதவும்."

ஒருமுறை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் அவரிடம் சத்தம் போட்டார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் சீனி வருத்தத்தை, அதாவது சர்க்கரை வியாதியைக் குறைத்துவிட்டு வா என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வாளி தூக்குறவ எனக்கு வைத்தியம் சொல்றாளா? நான் எத்தன தொரைமாரப் பாத்தவன்!"

அக்கா அசையவில்லை. "வைத்தியம் டாக்டரம்மா சொல்றாங்க தாத்தா. நான் கொண்டுவந்து தர்றேன், அவ்வளவுதான். ஒங்களுக்கு வேணாமுன்னா சிங்களத்துலயே வச்சிக்கோங்க."

வாங்குப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணியும் கடைசியில் சிரித்து, "கொண்டா, கொண்டா" என்றார்.

இன்னொரு நாளை நான் சிரிக்காமல் எழுதியிருக்கிறேன். எங்கள் தோட்டத்துப் பெண்மணி, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். குளுக்கோமா முற்றிவிட்டது. கூட வந்த மகள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட பெருசா சொல்லிறாதீங்க அக்கா. சரியாயிரும்னு சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமா போகும்."

அக்கா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, கிழவியின் முன்னால் குனிந்தார். "அம்மா, போன பார்வை திரும்பி வராது. இருக்கிறத காப்பாத்தலாம். மருந்த ஒரு நாள் விட்டாலும் அதுவும் கொறையும். டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான்." மகள் அழுதாள். கிழவி அழவில்லை. "வெளங்குச்சும்மா" என்று எழுந்தார்.

மத்தியானம் தேத்தண்ணிக் கடையில் நான் அக்காவிடம், கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் எழுந்து போனார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான் கிளாக்கரையா. அப்ப இங்க நின்ன ஒருத்தரு, பாவம்னு நெனச்சு, சரியாயிரும்னு சொல்லிட்டாரு. இவரு அத நம்பி மருந்த விட்டுட்டாரு. ரெண்டே வருசம். கடைசியில என் மொகத்த கையால தடவித்தான் பாப்பாரு."

அதற்குமேல் அவர் வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

வட்டகொடையிலிருந்து ஒரு தாய் ஐந்து வயது மகனோடு வந்த வியாழனையும் சொல்ல வேண்டும். டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். அருகில் இருந்த யாரோ முந்திக்கொண்டு, சோம்பேறிக் கண் என்று மொழிபெயர்த்துவிட்டார். தாய் உடனே பிள்ளையின் தொடையில் கிள்ளினாள். "படிக்கத்தான் சோம்பேறின்னா, கண்ணுமாடா ஒனக்கு?"

"கிள்ளாதீங்க!" என்றார் அக்கா. அவர் சத்தம் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டாக்டரிடம் இன்னொரு முறை விளக்கமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கண்ணு சோம்பேறி இல்லம்மா. ஒரு கண்ணு நல்லா பாக்குது, மூளை அத மட்டுமே வேலைக்கு எடுக்குது. மத்த கண்ணு காலையில பெரட்டுக்கு வந்து வரிசையில நின்னுக்கிட்டேதான் இருக்கு. பேரு கூப்புடுறவன் கூப்புடவே மாட்டேங்கிறான். வருசக்கணக்கா நின்னா அதுக்கு வேலையே மறந்துபோயிரும். அதனால நல்ல கண்ண தெனமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கணும். அப்ப இத கூப்புட்டுத்தானே ஆகணும்? ஏழு எட்டு வயசுக்குள்ள செஞ்சா நல்லா வரும். பிந்திப் போனா எவ்வளவு வரும்னு சொல்ல ஏலாது."

அம்பிளியோப்பியா. என் பட்டியலில் பதினான்காவது சொல். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தப் பெரட்டு உவமையோடு முழுவதையும் அன்று மாலையே எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்த அதே மேசையின் மறுபக்கத்தில் என் மகள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது வயது எட்டு முடிந்து இரண்டு மாதம்.

இனி என் காரியம்.

மகள் தரம் ஒன்றில் இருந்தபோது தோட்டத்துப் பாடசாலைக்குச் சுகாதாரப் பகுதியினர் வருவதாக அறிவித்தார்கள். நிறை, உயரம், பல், கண். எங்கள் மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வரிசையில் நிற்கவைத்து எதைப் பார்த்தாலும் அது சோதனை. அதில் தேறிவிட வேண்டும். தேறாவிட்டால் பேர் வெட்டப்படும். தோட்ட வேலைக்கு ஆள் எடுத்தபோது எங்கள் பாட்டன்மார் அப்படித்தான் நின்றார்கள். அதற்கு முந்தைய வருடம் கண்ணாடி போட நேர்ந்த ஒரு பிள்ளையைத் தோட்டமே சோடாப்புட்டி என்றுதான் கூப்பிட்டது. அவள் அம்மா என்னிடமே வந்து, "இனி யாருங்க இவளக் கட்டுவா?" என்று அழுதிருந்தார்.

மூன்று நாள் முன்னதாகவே கண் பார்க்கும் அட்டை வந்து பாடசாலை அதிபரின் அறையில் மாட்டியிருந்தது. ஒரு கடிதம் கொடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கான அட்டை: மூன்று கால் உள்ள ஒரே எழுத்து, ஒன்று மேலே பார்த்து, ஒன்று கீழே, ஒன்று வலது, ஒன்று இடது. எந்தப் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று பிள்ளை விரலால் காட்ட வேண்டும். நான் நாட்குறிப்பை எடுத்து ஏழு வரிசையையும் அம்புக்குறி போட்டுப் பிசகில்லாமல் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழைய கலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. மூன்று மாலைகளில் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு கண்ணை மூடிப் பார் என்று நான் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரிசை சரியா என்று மட்டும் பார்த்தேன்.

பரிசோதனை நாளில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். இடது கண்ணை மூடிச் சொன்னாள். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் வேகமாகச் சொன்னாள். பரிசோதகர் "ஹரி ஷோக்!" என்று பாராட்டி அவள் தலையைத் தட்டி, இரண்டு கண்ணுக்கும் முழுப் பார்வை என்று அவளுடைய சுகாதார அட்டையில் எழுதினார். நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினேன். அதனால்தான் பதினான்காவது சொல்லை எழுதிய மாலையிலும் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அட்டை இருந்தது.

பத்து வயதில் ஒரு காலை முகம் கழுவும்போது அவள் வலது கண்ணில் சவர்க்காரம் பட்டுவிட்டது. அதைப் பொத்திக்கொண்டு துவாயை எடுக்கக் கை நீட்டினாள். துவாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கை போனது. என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "அப்பா, இந்தக் கண்ணுல பாத்தா நீங்க யாருன்னே தெரியல."

அடுத்த வியாழன் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அக்கா அவளைப் பார்த்ததும், "நம்ம கிளாக்கரையா மகளா? வாங்க பாப்பா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, கண்ணாடிகளை மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். இடது கண்ணில் பவர் மிகவும் கூட. கண்ணாடி போட்டும் முதல் எழுத்துக்குமேல் தெரியவில்லை. பிறவியிலிருந்தே வேலை செய்யாமல் விட்ட கண் போலத் தெரிகிறது என்றார். பிறகு நான் கொண்டுபோன பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. ஆறு வயதில் இந்தக் கண்ணுக்கு முழுப் பார்வை இருந்திருக்கிறதே. அப்படியென்றால் இது பிறகு போனது. நரம்பிலோ மூளையிலோ ஏதோ இருக்கலாம். அவர் மகளிடம் கேட்கச் சொன்னார்.

அக்கா கேட்டார்: "பாப்பா, ஸ்கூல்ல பாத்தப்ப இந்தக் கண்ணுல எல்லா எழுத்தும் தெரிஞ்சிச்சா?"

"தெரியல" என்றாள் மகள். "அப்பா சொல்லிக் குடுத்தாங்க. அதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ளமயா மொகத கிவ்வே?" என்றார் டாக்டர். பிள்ளை என்ன சொன்னாள்?

அக்கா டாக்டரின் பக்கம் திரும்பினார். "எயாட்ட மதக நேலு" என்றார். அவளுக்கு நினைவில்லையாம்.

எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். வாய் திறக்கவில்லை.

டாக்டர் தலையசைத்து எழுதினார். கண்ணாடி மட்டும் தந்தார். நல்ல கண்ணை மூடும் சிகிச்சை இப்போது வேண்டாம், முதலில் நரம்பைப் பார்ப்போம் என்று கண்டிக்கு அனுப்பினார். கண்டியிலிருந்து கொழும்பு. ஸ்கேனுக்குத் திகதி, அது தள்ளிப்போய் வேறு திகதி. வீட்டில் மனைவி மகளின் தலையில் கட்டி இருக்குமோ என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் முடிந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், நான் சொல்லத் தேவைப்படாது என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். நான்கு மாதமும் ஆறு நாளும். அந்தக் காலத்தின் பக்கங்களில் மழை அளவும் கொழுந்து அளவும் மட்டுமே எழுதியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் குவாட்டஸ் வாசலில் நீலச் சேலை கட்டிய ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். சீருடை இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இரண்டு பஸ் மாறி, சந்தியிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏறி வந்திருந்தார். மனைவி பிளேன்டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மகள் பின்பக்கம் விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா கோப்பையைத் தொடவில்லை.

"எத்தன மாசம் ஆச்சு கிளாக்கரையா?"

"நாலு."

"ஒரு கண்ணு நாலு மாசமா பெரட்டுல நிக்குது. நான் சொன்ன ஒரு வார்த்தையால."

"நீங்க எனக்காகத்தானே அக்கா…"

"ஒங்களுக்காக இல்லீங்க" என்றார் உடனே. "அந்தப் புள்ள ஒங்க மொகத்தப் பாத்துச்சு. அப்பா மாட்டிக்கிட்டாரு, நம்மாலதான்னு பயந்துருச்சு. அந்தப் பயத்தப் பாத்ததும் என் வாய் மாறிப்போச்சு. பதினோரு வருசத்துல ஒரு நாளும் மாறாத வாய். அடுத்த வாரம் நீங்களே வந்து சொல்லிருவீங்கன்னு பாத்தேன். அதுக்கடுத்த வாரமும் பாத்தேன்."

"டாக்டரம்மா என்னைய என்ன நெனப்பாங்க?"

"என்னமோ நெனச்சுட்டுப் போகட்டும். கண்ணுதானே நமக்கு வேணும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழம வாங்க. நீங்க சொல்றத நீங்க சொல்லுங்க. நான் மாத்துனத நான் சொல்லிருவேன். வரலைன்னாலும் நான் சொல்லிருவேன்."

"நீங்க எதுக்குங்க அக்கா சொல்லணும்? நான் மட்டும் சொன்னா போதுமே."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காவது நாள் வியாழன்.

டாக்டரின் முன்னால் நானே சிங்களத்தில் சொன்னேன். அட்டையைப் பார்த்து எழுதினேன், சொல்லிக்கொடுத்தேன், இத்தனை நாள் மறைத்தேன். அக்காவைக் காப்பாற்ற நினைத்து, அன்று பிள்ளை எதுவும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"அது சரியில்லீங்க" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா டாக்டரிடம் திரும்பினார். பிள்ளை அன்றே உண்மையைச் சொன்னாள், அதை மாற்றிச் சொன்னது நான்தான் என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அக்காவின் பக்கம் திரும்பி, இத்தனை வருடத்தில் வேறு எதை மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"எதையும் இல்லை."

"அதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

 அக்கா சொன்னது உண்மை. டாக்டர் கேட்டதும் நியாயம். இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டில் எதையும் என்னால் தள்ள முடியவில்லை. அக்கா இரண்டு கைகளையும் உடுப்பில் துடைத்தார். பிறகு ஜன்னலோரம் போய்த் தரை துடைக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்றே சிகிச்சை தொடங்கியது. தினமும் ஆறு மணிநேரம் வலது கண்ணை ஒட்டி மூடினோம். ஒன்றரை வருடம். முதல் எழுத்துக்குக் கீழே இரண்டு வரிசை தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது. நான்கு மாதம் முன்பு தொடங்கியிருந்தால் இன்னும் ஒரு வரிசை கிடைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். நான்கு வருடம் முன்பு தொடங்கியிருந்தால் என்று கேட்கவில்லை. மகளுக்கு இப்போது பதினேழு. எந்த இடத்திலும் இடது ஓரத்தில்தான் உட்காருவாள், எல்லோரும் தனக்கு வலப்பக்கம் இருக்கும்படி. என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

அக்காவை வெளிநோயாளர் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கண் கிளினிக்கில் அவருடைய இடத்துக்கு யாரும் வரவில்லை. வீட்டில் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள் என்று ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பிள்ளைகள், மருமக்கள் வந்து நின்றார்கள். அவர்கள் அம்மாவுக்குப் பெரிதாகச் சொல்லாமல், பாதியை விழுங்கிச் சொன்னார்கள். நான் போகிற நாட்களில் எங்கள் ஆட்களுக்கு நான் சொன்னேன். மற்றவர்களுக்கு யாரும் இல்லை.

அவர் இப்போது அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. ஓய்வுபெற்றுக் கினிகத்தேனைப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், காலமாகிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். இரண்டையும் உறுதிப்படுத்த முடியவில்லை.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது மாற்றல் ஆன வருடத்தின் முடிவில். எங்கள் ஆட்களை உள்ளே விட்டுவிட்டு வெளி வராந்தாவில் நின்றிருந்தேன். அவர் பத்தடி தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "பாப்பா எப்படி இருக்கு?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எத்தனையோ நாள் சொற்களை யோசித்து வைத்திருந்தேன். அவர் வாளியின் பக்கம் திரும்பிவிட்டார்.

கிளினிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மா வந்தார். டயகமவிலிருந்து தனியாக வந்தவர். கையில் கடிதம். சீருடையைப் பார்த்து நேரே அக்காவிடம் போய் நீட்டினார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு? ஒண்ணும் வெளங்கல."

அக்கா கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. ஆனால் அவர் கண்கள் அதன்மேல் ஒருமுறை ஓடி முடித்ததை நான் பார்த்தேன்.

"தெரியாதுன்னு சொல்ல மாட்டேம்மா. சொல்றதுக்கு எனக்கு அனுமதி இல்ல. உள்ள கேளுங்க."

"உள்ளதாம்மா கேட்டேன். சிங்களத்துல சொன்னாங்க. தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்."

அக்கா கந்தையைப் பிழிந்தார். நீர் வாளிக்குள் விழுந்து முடியும்வரை பிழிந்தார்.

நான் போய்க் கடிதத்தை வாங்கினேன். டாக்டரின் கையெழுத்து. மேலே கொழும்பு ஆஸ்பத்திரியின் பெயர், கீழே இரண்டு ஆங்கிலச் சொற்கள். இரண்டாவது விழித்திரை என்று தெரிந்தது. முதலாவதை நான் அதுவரை கேட்டதில்லை. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன்.

"விழித்திரையில ஏதோ பிரச்சினைன்னு எழுதியிருக்கும்மா. கொழும்புக்குப் போகச் சொல்லியிருக்கு."

"ஏதோன்னா என்னங்க? போனா வந்துருமா? அவசரமா போகணுமா, தீவாளி முடிச்சிட்டுப் போலாமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி, ஏற்கனவே துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன். உள்ளே போய் டாக்டரிடம் கேட்டிருக்கலாம், போகவில்லை.

அந்த அம்மா கடிதத்தை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "பரவாயில்லீங்க ஐயா" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். பிறகு, டயகம பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியும். ஒன்று நாற்பதுக்கு என்றேன்.